ஸ்மால் வேறு, லிட்டில் வேறு

எங்கள் சுற்றுலா ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் என் படம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் பச்சைச் சேலையில் நின்று, கையை உயர்த்தி எதையோ காட்டிக்கொண்டிருக்கிற படம். முதுகு நேராக இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: எங்கள் லிட்டில் கைடு.

என் கணவர் கொச்சியில், தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார். மத்தியானமே போனில் படத்தைப் பார்த்துவிட்டு அங்கே எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். சாயங்காலம் வந்ததும், கைகூடக் கழுவாமல் கேட்டார்.

"லிட்டில்னா சின்னதுதானே?"

"ஆமா, சின்னதுதான்."

"அப்போ சரியாத்தான் எழுதியிருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தோளுக்கு நான் வரமாட்டேன். கல்யாணப் படத்தில் என்னை ஒரு பலகைமேல் நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். குள்ளமாக இருப்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. வைப்பின் தீவுக்குப் போகிற படகில் நெரிசலில் நின்றால் கண்ணுக்கு நேரே பிறருடைய சட்டைப் பொத்தான்தான் தெரியும். அதனாலென்ன, கரை வந்ததும் முதலில் வெளியே வந்துவிடுகிறவள் நான்தான்.

எங்களுடையது தமிழ் பேசுகிற குடும்பம். எப்போது கொச்சிக்கு வந்தோம் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பா கார்ப்பரேஷனில் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்தார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், படித்ததும் மலையாளத்தில்தான். தமிழ் எழுத்தை நான் பெரியவளான பிறகு பேருந்துப் பலகைகளையும் கோயில் நோட்டீசுகளையும் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பரீட்சையில் தேறியது பள்ளிக்கூடத்தில், பேசக் கற்றது ஜூ டவுனில், மட்டாஞ்சேரியின் பழைய யூதர் தெருவில்.

ஜூ டவுனில் ஒரு பெரிய மசாலாக் கடையில் சில வருஷங்கள் வேலை பார்த்தேன். வாசலில் நின்று வெளிநாட்டுக்காரர்களை உள்ளே அழைத்து, ஏலக்காயையும் கிராம்பையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி விற்கிற வேலை. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சுலபமாக இருந்தது. ஸ்மால் என்றால் செறிய, லிட்டில் என்றாலும் செறிய, டைனி என்றால் வளரெச் செறிய. செறிய என்பது மலையாளத்தில் சிறிய, வளரெ என்றால் மிக. மூன்று வார்த்தைக்கு ஏறக்குறைய ஒரே அர்த்தம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அந்தக் கடையில்தான் முதல் சந்தேகம் வந்தது. ஒருநாள் ஒரு அம்மாள் உள்ளே வந்து, கண்களை மூடி வாசனையை இழுத்துவிட்டு, "வாட் எ லவ்லி லிட்டில் ஷாப்" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். எங்கள் கடை பழைய கிடங்கை மாற்றிக் கட்டியது. ஒரு பஸ் நிறைய ஆள் வந்தாலும் இடம் மிஞ்சும். மேலே ஒரு மாடி வேறு. இது எந்தக் கணக்கில் லிட்டில்? ஒருவேளை இவருடைய ஊரில் கடைகள் இன்னும் பெரியவையோ என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு பயணிகள் ஒரே தங்கும் விடுதியைப் பற்றி என்னிடம் பேசினார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்து, அறை ஸ்மால் என்றார். இன்னொருவர், தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு லிட்டில் ரூம், காலையில் கதவைத் திறந்தால் படகுகள் போகின்றன என்று ஆசையாகச் சொன்னார். இரண்டு அறையும் ஒரே அளவுதான். அந்த விடுதியை நடத்துகிற அக்கா எனக்குத் தெரிந்தவர்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஸ்மால் என்பது அளவுகோல் சொல்கிற வார்த்தை. லிட்டில் என்பது சொல்கிறவருடைய மனசு சொல்கிற வார்த்தை. மலையாளத்தில் செறிய வீடு என்றால் வீட்டின் அளவு தெரியும், கொச்சு வீடு என்றால் அந்த வீட்டின்மேல் இருக்கிற பிரியமும் சேர்ந்து தெரியும். தமிழில் சின்னப் பையனும் குட்டிப் பையனும் ஒன்றா? லிட்டில் என்பது அவர்களுடைய கொச்சு, அவர்களுடைய குட்டி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாசலில் நின்று காதால் கேட்டே கண்டுபிடித்தேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு ஒரு புது மொழியே கிடைத்துவிட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகு இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் விடமாட்டேன். ஸ்லைட் என்ற வார்த்தையை நாங்கள் எல்லாரும் தாராளமாகப் பயன்படுத்துவோம். ஸ்லைட்டாகத் தலைவலி, ஸ்லைட்டாக மழை. ஒரு பயணி தன் சிநேகிதியிடம் என்னைக் காட்டி 'ஷி இஸ் ஸோ ஸ்லைட்' என்று சொன்னபோது, நான் கொஞ்சம் என்ன, கொஞ்சம் கறுப்பா, கொஞ்சம் கிறுக்கா என்று புரியாமல் நின்றேன். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், உடம்பைச் சொன்னால் அது ஒல்லியான, மெல்லிய உடல்வாகு. பெட்டிட் என்று ஒரு வார்த்தை உண்டு. என்னைப் போல உயரம் குறைந்த பெண்களைக் கௌரவமாகச் சொல்வது அது. அந்த வார்த்தை போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஒரு சுடிதார் வாங்கினேன். கை இரண்டும் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. வார்த்தையில் தப்பில்லை, தைத்தவருக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை.

கைடு வேலைக்குப் பயிற்சி முடித்துவிட்டு நான் பல ஏஜென்சிகளில் ஏறி இறங்கினேன். "கூட்டத்துல உங்களைக் காணவே முடியாதே" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். ஃபோர்ட் கொச்சியில் இருக்கிற இந்த ஏஜென்சியின் முதலாளி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு குழுவைக் கொடுத்து, போய்ச் சுற்றிக் காட்டிவிட்டு வா என்றார். அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். அவரை நான் சேட்டா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். கூட்டத்தில் தெரியவேண்டும் என்பதற்காக, மட்டாஞ்சேரியில் ஏறி நிற்கத் தோதான எல்லா இடங்களையும் பழக்கப்படுத்திக்கொண்டேன். அரண்மனைப் படி, கிடங்குகளின் முன்னால் மூட்டை இறக்குகிற மேடை, ஒரு பழம்பொருள் கடைக்காரர் வெளியே போட்டு வைத்திருக்கிற கல் உரல். அதில் ஏறிக்கொள்ள அவர் எனக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்.

ஆகவே லிட்டில் கைடு என்று படத்துக்குக் கீழே பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். கொச்சு கைடு. சேட்டன் பிரியமாகப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த சீசனில் ஒருநாள் ஒரு பெரிய பயணிக் கப்பல் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு குழு எங்கள் ஏஜென்சியில் பதிவு செய்திருந்தது. கப்பல் நிற்கிற வில்லிங்டன் தீவிலிருந்து பஸ்ஸில் வந்து மட்டாஞ்சேரி ஜெட்டி பக்கத்தில் இறங்கினார்கள். நான் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு போய் வணக்கம் சொன்னேன். அவர்களில் ஒருவர் மிக உயரமானவர், வெள்ளைத் தாடி, அமெரிக்காக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்தார். அவருடைய மனைவி ஒரு கைத்தடியுடன் மெதுவாக இறங்கினார். அந்த மனிதர் என்னைக் குனிந்து பார்த்து, சிரித்து, கை குலுக்கிவிட்டு என் தலைக்கு மேலே யாரையோ தேடினார்.

"மெயின் கைடு எப்போது வருவார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் கைடு" என்றேன்.

அவர் குழப்பத்துடன் போனை எடுத்து எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினார். என் படம், அதன் கீழே அந்த வரி. "இதில் லிட்டில் கைடு என்று இருக்கிறதே. நீங்கள் உதவிக்கு வருகிறவர் என்று நினைத்தேன். மன்னிக்கவேண்டும்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார். அவருடைய மனைவி அவர் கையை மெதுவாகத் தட்டினார்.

எனக்கு முகம் சூடாயிற்று. அவர்மேல் கோபம் வரவில்லை. நான் இத்தனை நாள் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. லிட்டிலில் பிரியம் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பிரியம் மேலேயிருந்து கீழே குனிந்து வருகிற பிரியம். குழந்தையைச் சொல்லலாம், நாய்க்குட்டியைச் சொல்லலாம், பிடித்துப்போன கடையைச் சொல்லலாம். வழி காட்டுகிறவளைச் சொன்னால் அவள் உதவியாள் ஆகிவிடுகிறாள். எங்கள் கொச்சுவில் அந்தச் சிக்கல் கிடையாது. கொச்சம்மா என்றால் அந்த வீட்டின் எஜமானி. மலையாளத்தில் கொச்சு என்பது மேலேயும் போகும், கீழேயும் வரும். ஆங்கிலத்து லிட்டிலுக்கு மேலே ஏறத் தெரியாது.

இதையெல்லாம் அப்போது அங்கே நின்று யோசிக்க நேரமில்லை. "வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

காலை முழுக்க நன்றாகப் போயிற்று. அரண்மனையில் சுவரோவியங்களைக் காட்டினேன், ஜூ டவுனில் அவர்கள் சாமான்கள் வாங்கினார்கள். மத்தியானத்துக்கு மேல் பஜார் ரோடு வழியாக நடத்திக்கொண்டு போனேன். அந்த ரோட்டின் மறுமுனையில் எங்கள் பஸ் நின்றது. கப்பலுக்குத் திரும்பவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு லாரியின் பின்சக்கரம் கழிவுநீர் ஓடைமேல் போட்டிருந்த கான்கிரீட் சிலாபை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. லாரி முழுக்க மூட்டை. ரோட்டின் குறுக்கே அது சாய்ந்து நின்றது. முன்னால் நகர முடியவில்லை. நாங்கள் நின்ற சில நிமிஷத்திலேயே பின்னாலும் ஆட்டோக்களும் டெம்போக்களும் வந்து அடைத்துக்கொண்டன. ஆளாளுக்கு ஹாரன். கைத்தடி வைத்திருந்த அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. மற்றவர்கள் பக்கவாட்டில் திரும்பினாலும் நுழைய முடியாது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே நிலைமை இன்னும் மோசம். இன்னொரு லாரி எதிரே வந்து நின்றிருந்தது. இது உடனே சரியாகிற காரியமில்லை. திரும்பி வந்தேன். நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சுக்குக் கிடங்கு. பஜார் ரோட்டின் தண்ணீர்ப் பக்கம் இருக்கிற கிடங்குகளுக்கு ஒரு முகம் ரோட்டைப் பார்க்கும், இன்னொரு முகம் காயலைப் பார்க்கும். அந்தக் காலத்தில் சரக்கு படகில்தான் வந்தது. பின்பக்கத்தில் தண்ணீருக்கு இறங்குகிற படி இருக்கும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

கிடங்கு மேற்பார்வையாளரிடம் போய், "சேட்டா, இவங்களைப் பின்னால கொண்டுபோய்ப் படகுல ஏத்தணும். வழி விடுங்க" என்றேன். அவர் லாரியைப் பார்த்தார், வயசானவர்களைப் பார்த்தார், கதவை விரியத் திறந்துவிட்டார். காயலில் சுற்றுலாப் படகு ஓட்டுகிற இக்கா ஒருவர் எனக்குப் பழக்கம்; முஸ்லிம் அண்ணன்களை இங்கே இக்கா என்போம். அவருக்குப் போன் செய்தேன்.

"எவிட?" என்று மட்டும் கேட்டார். எங்கே என்று.

"சுக்குக் கிடங்கோட பின் படி."

"வராம்" என்றார், வருகிறேன் என்று. வைத்துவிட்டார்.

நான் மூட்டை இறக்குகிற மேடைமேல் ஏறி நின்று கையை உயர்த்தி, பஸ்ஸை மறந்துவிடுங்கள், இந்தக் கதவு வழியாக என்னோடு வாருங்கள் என்று கூப்பிட்டேன். பின்னால் நின்றவர்களுக்கு ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அப்போது அந்த உயரமான மனிதர் அவர்கள் பக்கம் திரும்பி, தன் பெரிய குரலில் சொன்னார்: "ஃபாலோ தி ஸ்மால் வுமன் இன் கிரீன்."

பச்சைச் சேலை கட்டிய ஸ்மால் வுமன். லிட்டில் வுமன் என்று அவர் சொல்லவில்லை. அவசரத்தில் ஆளை அடையாளம் காட்டுகிறபோது அவர் வாயில் வந்தது வெறும் அளவு. நீல நிறக் கதவு, சாய்ந்த மரம் என்கிற மாதிரி. அதில் குனிதல் இல்லை, செல்லம் இல்லை. அந்த ஸ்மால் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இன்றுகூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மேடையில் நின்றபடியே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உள்ளே இருட்டு. சுக்குத் தூளில் எல்லாரும் தும்மினார்கள். தும்மிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கைத்தடிக்கார அம்மாளுக்கு நான் தோள் கொடுத்தேன். என் தோள் அவருக்குச் சரியான உயரத்தில் இருந்தது. கைத்தடியை மடித்து இடுக்கிக்கொண்டு, என்னைப் பிடித்துக்கொண்டே அந்தக் கிடங்கின் முழு நீளத்தையும் நடந்தார். பின்கதவைத் திறந்ததும் காயலும் வெளிச்சமும். இக்கா படகைப் படியோடு ஒட்டி நிறுத்திக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம், தீவில், அவர்களுடைய கப்பல் வெள்ளையாக உயர்ந்து நின்றது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது அந்த மனிதர் கை குலுக்கினார். காலையில் குலுக்கியதைவிட அழுத்தமாக. "நான் இதுவரை பார்த்த கைடுகளிலேயே நீங்கள்தான் சிறந்தவர்" என்றார். நன்றி என்று சொன்னேன். அவர் சொன்னதை அடக்கமாக மறுக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏஜென்சிக்குப் போனேன். சேட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொன்னார்.

"என் படத்துக்குக் கீழ இருக்கிற லிட்டிலை எடுத்துடணும், சேட்டா."

"எந்தா, யாராவது கம்ப்ளெய்ன்ட் சொன்னாங்களா?"

"இல்ல. ஒருத்தர் மெயின் கைடு எங்கேன்னு கேட்டார்."

ஜெட்டியில் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். "நான் ஒரு சினேகத்துல போட்டதாக்கும். நம்ம கொச்சு கைடுன்னு. அதுல என்ன தெற்று, என்ன தப்பு?"

"நீங்க கொச்சுன்னா எனக்கு மனசிலாகும். அது சினேகம். அவங்க லிட்டில்னு படிச்சா வேற மாதிரி மனசிலாகுது. நான் யாருக்கோ ஹெல்பர்னு."

"அப்போ ஸ்மால்னு மாத்திடட்டுமா?"

"ஸ்மால்னா உசரம். மத்த கைடு யாருக்கும் நீங்க உசரம் எழுதலையே. உங்க படத்துக்குக் கீழ ஃபவுண்டர்னு இருக்கு. லிட்டில் ஃபவுண்டர்னு இல்ல."

அவரும் அப்படியொன்றும் உயரமானவர் இல்லை. சாயா கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தத் தைரியத்தில் நான் இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் ஏஜென்சியின் இன்னொரு கைடுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். இணையப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே 'லிட்டில் பிரெஞ்ச்' தெரியும் என்று போட்டிருந்தது.

"அதுக்கு முன்னால ஒரு 'எ' போடணும், சேட்டா. எ லிட்டில் பிரெஞ்ச்னா கொஞ்சம் தெரியும்னு அர்த்தம். வெறும் லிட்டில் பிரெஞ்ச்னா, தெரியவே தெரியாது, தெரிஞ்சாலும் ஒண்ணும் தேறாதுன்னு அர்த்தம்."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அய்யோ, அதுதான் பிரெஞ்சுக்காரங்க யாரும் வரலையா?" என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். அப்போதே இரண்டையும் திருத்த ஆரம்பித்தார். என் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார். கைடு, மட்டாஞ்சேரி என்றேன். அவராக யோசித்து, அதற்கு முன்னால் சீனியர் என்று ஒரு வார்த்தை சேர்த்துத் தட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் போனைக் காட்டினேன். அவர் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சின்னதுங்கிறதை எடுத்துட்டாங்களா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன், நீ சின்னதுதானே?"

"என்னோட உசரம் சின்னது. என்னோட வேலை சின்னது இல்லையே."

அவர் அந்த வரியை இன்னொரு முறை எழுத்துக்கூட்டினார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் இதையும் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

போன சீசனில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். அவருக்கு எல்லாமே வீ, அதாவது சின்ன. வீ சாயா, வீ படகு, எங்கள் ஊர் அடைமழைகூட வீ மழை. என்னையும் அப்படித்தான் சொன்னார். புதிதாக ஒன்று காதில் விழுந்ததும் விடாமல் கேட்டேன். "அது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் ஆறடிக்கு மேல் இருப்பார், அவரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். ஆறடி மனிதரையே சொல்லலாம் என்றால் என்னைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வார்த்தையை அனுமதித்துவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு குழுவும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், அவர்கள் என் தலைக்கு மேலே யாரையாவது தேடுவதற்கு முன்னால் நானே தொடங்கிவிடுகிறேன். வணக்கம், நான் உங்கள் கைடு. ஐ ஆம் எ ஸ்மால் வுமன், அதனால் கீழே பாருங்கள், கிடைத்துவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். எல்லா முகமும் கீழே திரும்பும். நான் நடக்க ஆரம்பிப்பேன். பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. அத்தனை காலடிகளும் கேட்கும்.